குளிசைக்காரி

“எனக்கு வேணா!... ஒங்கட கையால தாற தேத்தண்ணி இனி எனக்கு வேணா!”

மகள் அஸ்னா தள்ளிய கோப்பை கவிழ்ந்து, மேசை விளிம்பால் தேநீர் ஒழுகியது. கமீலா துணி எடுத்துத் துடைத்தாள். அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு நேரே வந்திருந்த அவளுடைய மூத்த சகோதரர் மீராசாஹிபு வாசலிலேயே நின்றார். அஸ்னாவுக்குப் பேசியிருந்த மருதமுனை மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தைக் கைவிட்டுவிட்ட செய்தியை அவர்தான் கொண்டுவந்திருந்தார்.

“ஏன் வேணாமெண்டாங்க தெரியுமா தங்கச்சி? புள்ளைக்கு ஒரு குறையுமில்லயாம். உம்மா குளிசைக்காரியாம்!... என்ட மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிற?”

கமீலா தலை குனிந்துகொண்டாள்.

சுனாமியில் கடல் கல்முனைக்குள் ஏறிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய கணவர் அதாவுல்லா மாஸ்டர் கடைக்குட்டி மகனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். கை விடுபட்டுப்போனது. பிள்ளை போய்விட்டான், கால் நொறுங்கிய தகப்பன் மிஞ்சினார். ஆஸ்பத்திரியில் வலிக்குக் குளிசை கொடுத்தார்கள். எலும்பு பொருந்தியது. குளிசை மட்டும் நிற்கவில்லை.

“கால் இப்ப நோகுதில்ல கமீலா... ஆனா அது இல்லாட்டி எனக்கு உசிரோட இரிக்க ஏலாம இரிக்கி...” என்று அவர் குழந்தையைப்போல அழுதபோது அவள் மறுக்கவில்லை. கணிதம் படிப்பிக்கும் மாஸ்டர் குளிசைக்காகப் பாமசி வாசலில் நிற்பதை ஊர் பார்க்கக்கூடாது என்று அவளே போனாள். ஒருநாள் குளிசைகளைக் கண்டுபிடித்த மீராசாஹிபு வீட்டில் வைத்தே கேட்டார். “எனக்குத்தான் காக்கா... தலையிடி” என்றாள். பக்கத்து அறையில் இருந்த அதாவுல்லா அதைக் கேட்டார். கேட்டும் பேசாமல் இருந்தார்.

அன்றிலிருந்து குளிசைக்கு அடிமையானவள் என்ற அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. யுத்தம் முடிந்து, அதைக் கொண்டாட வெடி கொளுத்திய சத்தங்களும் அடங்கிப்போயின. அந்த வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் முடியவில்லை.

“பேசுங்களே உம்மா!” அஸ்னா வெடித்து அழுதாள். “தம்பிய எடுத்த கடல், அவனுக்குப் பதிலா ஒங்கள எடுத்திருக்கலாம்!...”

“மகள்!”

அறைக் கதவைப் பிடித்தபடி அதாவுல்லா நின்றார்.

“அது... என்ட குளிசை மகள். ஒங்கட உம்மா ஒண்டக்கூட வாயில வெக்கல்ல. எனக்காகத்தான் பொய் சொன்னா. நான் கேட்டுக்கிட்டு இருந்தன்... கோழையப்போல கேட்டுக்கிட்டு இருந்தன்!”

மீராசாஹிபுவின் முகம் கறுத்தது. “மாஸ்டர்! ஈமானுள்ள மனுசன் செய்ற வேலையா இது?”

கமீலா குறுக்கே வந்து நின்றாள். “அவர ஏசாதீங்க காக்கா. மனுசன் நோய் புடிச்ச வருத்தக்காரன்...”

அந்தக் கிழமையே எல்லோருமாக அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். காரைதீவைச் சேர்ந்த டொக்டர் கனகரெத்தினம் பொறுமையாகக் கேட்டார். ஈமானைப் பற்றி, இறைநம்பிக்கை குறைந்ததால்தானா இது என்று, மீராசாஹிபு அங்கும் கேட்டார்.

“இது ஈமான் குறைஞ்ச கதையில்ல ஐயா. வலியை ஆத்த எங்கட மூளையே ஒரு சுரப்பை உண்டாக்கும். நரம்புக் கலங்கள்ல அது வந்து பொருந்துறதுக்கெண்டு இடம் இருக்கு. இந்தக் குளிசையும் அங்கதான் போய்க் குந்தும். நாள்பட அந்த இடங்கள் மரத்துப்போகும். கலத்துக்குள்ள நடக்கிற வேலையே மாறிப்போகும். மறுகா குளிசை இல்லாம வலி மட்டுமில்ல, சந்தோசமும் தெரியாது. பிள்ளையைப் பறிகுடுத்த மனச்சோர்வு இவருக்குக் குளிசைப் பழக்கத்துக்கு முன்னமே தொடங்கிட்டுது. ரெண்டும் ஒண்டை ஒண்டு வளர்த்திருக்கு.”

“மாறுமா டொக்டர்?” கமீலா கேட்டாள்.

“ஓம். படிப்படியாக் குறைப்பம், சோர்வுக்கும் வேற மருந்து தருவம். ஆனா கன காலம் எடுக்கும். அப்பவே கூட்டி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது அம்மா...”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்த கமீலா நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்தாள். அஸ்னா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“உம்மா... என்ட வாயால என்ன சொல்லிப்போட்டன்! என்ன மன்னியுங்க உம்மா!...”

“நீ ஏசினது எனக்கு நோகல்ல மகள்.” கமீலா அவளுடைய தலையைத் தன் தோளில் அணைத்துக்கொண்டாள். “அவரக் காப்பாத்துறன் எண்டு நெனச்சன். மானம் மானமெண்டு மூடி வெச்சன்... வருத்தத்துக்குத் தீனி போட்டது இந்தக் கைதானே! இத நான் ஆருக்கிட்டச் சொல்லி அழ?”

இருவரும் விம்மி அழுதார்கள். அதாவுல்லா தயங்கித் தயங்கி வெளியே வந்தார். அஸ்னா ஒரு கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மீராசாஹிபு சற்றுத் தள்ளி நின்றார். தொப்பியைக் கழற்றினார், மீண்டும் போட்டார்.

“தங்கச்சி... நான்...”

கமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெயில் ஏறுது காக்கா. அவருக்குக் கனநேரம் நிக்க ஏலா. ஒரு ஓட்டோ கூட்டி வாங்க.”

யாருக்காகவும் வேகமாக நடந்தறியாத அந்த மனிதர், உடுத்திருந்த சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார்.