பதினேழாம் பக்கத்து வட்டம்

"அந்தப் பென்சிலக் கீழ வைங்க."

நூலகத்தில் டெல்லா இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். செய்தித்தாளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சொல்லப்பட்ட ஆள் மட்டும் அசையவில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மழை சொட்டும் கோட்டு, கையில் நூலகத்து நாவல். பதினேழாம் பக்கத்தில், பக்க எண்ணைச் சுற்றி அரை வட்டம் போட்டாகிவிட்டது.

"பாதியில விட்டா அசிங்கமா இருக்குமே… முடிச்சிட்டு வைக்கட்டுமா?" என்றான்.

முடித்தும்விட்டான். பிறகுதான் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்… மழைக்காலத்து ஆற்றின் பழுப்பு. கோபத்தில் இருக்கும்போது ஒருவனுடைய கண்ணின் நிறத்தைக் கவனிப்பது தப்பு என்று டெல்லாவுக்குத் தெரியும். ஆனாலும் கவனித்துவிட்டாள்.

"அப்போ இத்தன நாளா வட்டம் போடறது நீங்கதானா?"

அவன் ஒரு நொடி தயங்கினான். "ஆமா. ஏன், வட்டம் சரியா வரலையா?"

ஹோகிடிகா என்ற அந்தச் சின்ன ஊரில் வயதானவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலகப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் ஏதோ ஒரு பக்கத்தில் தன் அடையாளத்தை இட்டுவிடுவார்கள். ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்குச் சின்னக் கோடு. அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும், படித்ததையே மறுபடி வீட்டுக்குச் சுமக்க வேண்டாம். டெல்லாவுக்கு அந்தக் கிறுக்கல்களைக் கண்டாலே ஆகாது.

ஆனால் இந்த வட்டம் வேறு. இந்த செப்டம்பரில் அவள் எடுத்த புத்தகங்களில் எல்லாம் அது இருந்தது. ஊரில் யாரும் சீண்டமாட்டார்கள் என்று நினைத்த தடித்த நாவலில், கடல் பயணக் கதையில், யாரோ ஒரு விதவை தன் தோட்டத்தைப் பற்றி எழுதியதில்… எங்கே போனாலும் அந்த ஆள் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டு வந்திருந்தார். எப்படியும் எழுபது வயதுக் கிழவராக இருப்பார் என்று நினைத்திருந்தாள். இவனுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

டெல்லாவுக்கு வேலை என்னவோ பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில்தான். ஊருக்கு அவளை வேறு விதமாகத் தெரியும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஊர் வானொலியில் பத்து நிமிடம் பேசுவாள். அந்த மாதம் என்ன படித்தாள், படித்தது அவள் வாழ்க்கையில் எங்கே வந்து இடித்தது… அவ்வளவுதான். ரொட்டி வாங்கப் போனால்கூட "இந்த மாசம் என்ன புக்கும்மா?" என்பார்கள். அந்த ஒரு மரியாதையை வைத்துக்கொண்டுதான் அவள் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

இந்த மாதம் அதற்கு ஆபத்து வந்திருந்தது. ஒரு புத்தகத்தைக்கூட அவளால் முடிக்க முடியவில்லை. எடுப்பாள், பதினேழாம் பக்கத்தைப் பார்ப்பாள், வட்டம் இருந்தால் ஒரு சின்ன சந்தோஷம், பாதிவரை ஓடுவாள்… அதற்குமேல் மனசு நிற்காது. ஜன்னலுக்குப் போவாள். டீக்குத் தண்ணீர் வைப்பாள், குடிக்க மறப்பாள். வெளியே ஓயாத மழை. இன்னொரு புத்தகத்தை எடுப்பாள். உனக்கு என்னதான் வேணும் என்று தன்னையே அதட்டுவாள்.

இதை ரப்பர் பூட்ஸ்காரனிடம் சொல்ல முடியுமா?

"நான் டெல்லா," என்றாள் விறைப்பாக.

"தெரியும். ரேடியோல வருவீங்களே. நான் ராவிரி… பால் டேங்கர் ஓட்டறேன்."

"இந்தப் புக்கோட முடிவு உங்களுக்கு எப்படிப் பட்டுது?"

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள். அந்த நாவலைப் பாதியில் வைத்துவிட்டவளுக்கு முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது.

ராவிரி காதைச் சொறிந்தான். "அத நின்னுக்கிட்டே சொல்ல முடியாதுங்க. நாளைக்கு எதிர்க்கடையில வொயிட்பெய்ட் மீன் அடை சாப்ட்டுக்கிட்டே பேசலாமா?"

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்… "எத்தன மணிக்கு?" என்று வந்துவிட்டது.

மறுநாள் அடையைப் பிட்டுக்கொண்டே அவன் சொன்னான். "அந்த ஆளு கடைசியில மன்னிப்பு கேக்கறானே, அது கேக்கறதுல சேத்தியே இல்ல. தான் நல்லவன்னு நிரூபிக்கக் கேக்கறான். அவ கதவச் சாத்தியிருக்கணும்."

டெல்லாவின் முள்கரண்டி நின்றுவிட்டது. டேங்கர் ஓட்டுகிற ஒருவனுக்குள் இப்படி ஒரு மனசா? "எனக்கும்… அப்படியேதான் பட்டுது," என்றாள். படிக்காத பாதிப் புத்தகத்துக்காக ஒரு கன்னம் சிவந்தது. இன்னொரு கன்னம் எதற்குச் சிவந்தது என்று அவளுக்கே தெரியாது.

அதன்பிறகு அடிக்கடி சந்தித்தார்கள். அவள் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்பாள், அவன் "நாளைக்குச் சொல்றேன்" என்பான். மறுநாள் வந்து ஏதாவது ஒன்றைச் சொல்வான், அவள் ஆடிப்போவாள். மீதி நேரமெல்லாம் பேசுகிறவள் அவள்தான். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பான். கேட்டால் கேட்டுக்கொண்டே இருப்பான்… காபி ஆறும், கடைக்காரர் நாற்காலியைக் கவிழ்த்து வைப்பார், அதுவரை. கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் ஒருவனோடு குடித்தனம் வைத்து, அது உடைந்து, பெட்டியோடு ஊர் திரும்பிய கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் சொன்னாள். தான் படித்ததையெல்லாம் படித்தவன், தன்னைச் சுலபமாகப் படித்துவிடுவான் என்று நம்பினாள்.

வானொலிப் பேச்சுக்கு முந்தின நாள் அதே கடையில் ஊதா மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள் அவர்கள் மேசைக்கு வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீதான் டெல்லாவா? உன்னாலதாம்மா எனக்குத் தினமும் பரீட்ச நடக்குது."

"அம்மா…" என்றான் ராவிரி, ஈனஸ்வரத்தில்.

"நீ சும்மா இருடா. முப்பது வருஷமா நான் என்ன படிக்கறேன்னு ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல. இப்ப சாயந்தரம் ஆனா வந்து நிக்கறான். 'அம்மா, இதுல முடிவு எப்படி? அம்மா, அந்த விதவை செஞ்சது சரியா?' நேத்து நான் சொல்லச் சொல்ல உள்ளங்கையில எழுதிக்கிட்டான்."

டெல்லா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அப்போ அந்த வட்டம்… உங்களோடதா, ஆன்டி?"

"வேற யாரோடது? அன்னிக்கு ஒரு புக்குல போட மறந்துட்டேன். திருப்பிக் குடுக்கறப்போ நீயே போட்டுருடான்னேன்." ராவிரியின் அம்மா மெரே மகனைப் பார்த்தாள், டெல்லாவைப் பார்த்தாள். "ஐயோ… இவகிட்ட நீ சொல்லலையா?"

டெல்லா கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். தெருவில் மழை வெளுத்து வாங்கியது. பின்னால் பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது.

"டெல்லா, நில்லு."

"நீ எத்தன புக்கு படிச்சிருக்க? உண்மையச் சொல்லு."

"ஒண்ணுகூட இல்ல. நேத்துகூட ஒண்ணு எடுத்தேன்… பன்னெண்டாம் பக்கத்துல தூங்கிட்டேன்."

"என்ன வெச்சு விளையாடிட்ட இல்ல? நான் பாட்டுக்கு என் கதையெல்லாம் கொட்டினேனே."

"நான் படிக்கலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அடுத்த அலமாரிக்குப் போயிருப்ப. போயிருக்க மாட்டியா?"

போயிருப்பாள். அது உண்மை என்பதால்தான் கோபம் இன்னும் ஏறியது. "பொய் சொல்றவங்கள எனக்குப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த வாக்கியத்தைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்பது தெருமுனை திரும்புவதற்குள்ளேயே அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை. மதியம் வானொலியில் பேசவேண்டும். மேசைமேல் புத்தகங்கள், எல்லாவற்றிலும் நடுவில் ஒரு தாள் துண்டு. எதைப் பற்றிப் பேசுவது? மெரே ஆன்டியின் கருத்துக்களைத் தன் கருத்தென்று சொல்லிவிடலாம். ராவிரி செய்ததும் அதுதானே… அவன் ஒரு பெண்ணிடம் செய்தான், இவள் ஊருக்கே செய்யப் போகிறாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ராவிரியிடம் போய் உண்மையைச் சொன்னால் அவனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், பேச்சு முடிந்து வீட்டுக்கு வந்தபின் இந்த ஜன்னல்தான். அவளுக்கு அது தாங்காது. கோட்டைப் போட்டுக்கொண்டு, அவன் மீன் பிடிக்கும் ஆற்றுக்கு நடந்தாள்.

ஆற்று முகத்துவாரத்தில் வரிசையாக ஆட்கள் வலையோடு நின்றிருந்தார்கள். வொயிட்பெய்ட் மீன்குஞ்சு ஏறும் பருவத்தில் அங்கே யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ராவிரி கடைசியில், இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தான். டெல்லா செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"குளிரும். மேல போ," என்றான் திரும்பாமலே.

"நான் முதல்ல சொல்லிடறேன். இந்த மாசம் நான் ஒரு புக்குகூட முடிக்கல."

அவன் திரும்பினான்.

"அந்த மன்னிப்பு கேக்கற ஆளு… அவன் மன்னிப்பு கேக்கறதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் பட்டுதுன்னு சொன்னேனே, பொய். எல்லாமே பாதிதான்."

ராவிரி அவளையே பார்த்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "அப்போ நாம ரெண்டு பேரும்… படிக்காத புக்கப் பத்தியா அவ்ளோ நேரம் பேசினோம்?"

"உங்கம்மா மட்டும்தான் படிச்சிருக்காங்க."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மழையில் அது தெரியவில்லை, அல்லது அவன் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழம ஆனா டேங்கர ஓரம் கட்டிடுவேன்," என்றான் அவன் மெதுவாக. "உன் குரல் முடியற வரைக்கும் எடுக்கமாட்டேன். பண்ணையில ஏன் லேட்டுன்னு திட்டுவாங்க. புக்கு எனக்கு வராது, டெல்லா. நீ பேசறது பிடிக்கும். உன்னப் பிடிக்கும். இத அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

டெல்லா அவன் பக்கமாக ஓர் அடி வைத்தாள்.

"இன்னிக்கு என்ன பேசப்போற?" என்று கேட்டான்.

"உள்ளதத்தான். இந்த மாசம் ஒண்ணையும் முடிக்கலன்னு."

"ஏன்னு கேப்பாங்களே."

"மழைம்பேன், மனசு சரியில்லம்பேன்." அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள். செருப்பில் ஒன்று ஆற்றோடு போய்விட்டது, அதை அவள் பார்க்கவில்லை. "எதைப் படிச்சாலும் பாதியிலயே யார்கிட்டயாவது ஓடிப் போய்ச் சொல்லணும்போல இருந்துது, ராவிரி. சொல்ல ஆள் இல்ல. நீ வந்தப்புறம் உன்கிட்ட சொல்லணும்னே தோணுச்சு. அப்புறம் எங்க படிக்கறது?"

வலை அவன் கையிலிருந்து நழுவியது. அதிலிருந்த மீன்குஞ்சுகள் வந்த வழியே போய்க்கொண்டிருந்தன.

"இதையும் ரேடியோல சொல்லுவியா?"

"மாட்டேன்," என்றாள் டெல்லா. "இது உனக்கு மட்டும்."