திரைக்கு அப்பால் வாசித்தவள்

"மாமா, நீங்க வாறீங்களா, இல்லாட்டி நாங்க கொண்டு வரவா?"

பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி பிற்பகல், பழுதான கணினிக்காக ஒன்பது வயது மின்ஹா தொலைபேசியில் கேட்ட கேள்வி அது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த ஸப்வான் அப்போதுதான் சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிண்ணியாவுக்குப் போய்வர அவனுக்கு அலுப்பாக இருந்தது. "வாப்பாட்டச் சொல்லிக் கொண்டு வாங்க மகள்," என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தான்.

அவர்கள் வந்து சேரவில்லை. சீனக்குடாவுக்கு இப்பால் உள்ள ஒரு வளைவில், மழையில் வீதியின் விளிம்பு தெரியாமல், மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தகப்பன் சஜீதும் மகளும் அந்த இடத்திலேயே முடிந்துபோனார்கள். மின்ஹாவின் பள்ளிக்கூடப் பைக்குள் துணி சுற்றி வைத்திருந்த மேக் கணினிக்கு மட்டும் மூலையில் ஒரு நெளிவு.

ஸப்வானை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு வேளைச் சோறு ஆறிப்போவது பெரிய விஷயமே அல்ல என்பது மனிதனுக்குப் பிந்தித்தான் விளங்குகிறது.

ஜூன் பன்னிரண்டாம் திகதி காலையில் சஜீதின் மைத்துனி கடைக்கு அழைப்பெடுத்தாள். சித்தி பரீதா என்பது அவள் பெயர்.

"தம்பி, அதே கம்ப்யூட்டர்தான். இண்டைக்குள்ள வேணும். நாளைக்கு எண்டு மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் கடையைப் பூட்டிவிட்டு உடனே வெளிக்கிட்டான்.

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலம். கிண்ணியாவின் மணல் ஒழுங்கைகளில் சருகுகள் சுழன்றோடின. வீட்டு வாசலில் நின்ற சித்தி பரீதா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவாயில்ல. கூப்பிட்டா வரவும் தெரியுது உங்களுக்கு," என்றாள். பிறகு தன் வார்த்தை தனக்கே உறைத்தது போல முகத்தைத் திருப்பி, "இரிங்க, பிளேன்டீ ஊத்தித் தாறன்," என்று குசினிக்குப் போனாள்.

மண்டபத்தின் கோடியில் ஓர் அறை. வாசலில் பச்சை நிறத் தடித்த திரை. அதற்குப் பின்னால் சஜீதின் மனைவி ஸல்ஹா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் பார்வையில் படாமல் இருக்கும் காலம் அது.

"தம்பி ஸப்வான்," என்றது திரைக்குள்ளிருந்து களைத்த குரல். "இந்தச் சாமான் இந்த அறைய விட்டு வெளிய வராது. ஒருக்கா வெளிய போனது போதும். நீங்க அங்க இருந்தே சொல்லுங்க, நான் செய்றன்."

"சரி ராத்தா. எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடியே செய்வம்."

வேலை என்னவென்று சித்தி பரீதா விளக்கினாள். சஜீதும் மின்ஹாவும் ஓர் ஒன்லைன் கேமுக்குள் சேர்ந்து ஒரு வீடு கட்டியிருந்தார்கள். சஜீத் கட்டாரில் வேலை செய்த இரண்டு வருடமும் பின்னேரங்களில் தகப்பனும் மகளும் சந்தித்துக்கொண்டது அந்த வீட்டில்தான். நூற்றிருபது நாள் யாரும் போகாத வீட்டைக் கேம் கம்பனி அழித்துவிடுமாம். சஜீதின் போனுக்குக் கடிதம் வந்திருந்தது. இன்று மாலை ஐந்து மணியோடு தவணை முடிகிறது.

"அந்த வீடாவது நிக்கட்டும் தம்பி," என்றது திரை.

கேமைத் திறந்துவிடும் லாஞ்சர் என்ற சிறு மென்பொருள்தான் மக்கர் பண்ணியது. அன்று மின்ஹா அழைத்ததும் இதற்காகத்தான். கீழே உள்ள படத்தைத் தட்டினால் இரண்டு தரம் துள்ளிவிட்டு அடங்கிவிடுகிறது. மேக்கைப் புதுப்பித்த பிறகு இப்படி வருவதை ஸப்வான் பல தடவை பார்த்திருக்கிறான். லாஞ்சர் சேமித்து வைத்த பழைய குப்பைகளை அழிக்க வேண்டும். பிறகு பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் பத்து நிமிட வேலை.

ஆனால் ஸல்ஹாவுக்கு ஆங்கிலம் ஓடாது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் போனது.

"இன்ஷிரா டியூசன் முடிஞ்சு வந்தா வாசிப்பா," என்றாள் சித்தி பரீதா குசினியிலிருந்து. இன்ஷிரா அவளுடைய மகள்.

சிறிது நேரத்தில் திரைக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது. ஆங்கில வசனத்தை இடறாமல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பது போல வாசித்தது. பிள்ளை பின்கதவால் வந்துவிட்டாள் என்று நினைத்து ஸப்வான் ஆறுதல் பட்டான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. குரல் வாசிக்க, அவன் சொல்ல, ஸல்ஹா தட்டினாள். லாஞ்சர் திறந்தது, உடனே, கம்பனியின் கணினியை நம்ப முடியவில்லை என்று சொல்லி நின்றது. மேக்கில் திகதி பிசகியிருந்தால் இப்படி வரும்.

"திகதியப் பாருங்க மகள். மேல வலது பக்கம்."

"பெப்ரவரி பன்னெண்டு. மூணு நாப்பது."

அவர்கள் போன அதே நாள். அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். மாதக்கணக்காகக் கிடந்து பட்டரி செத்தால் மேக்கின் திகதி பிசகும்தான். ஆனால் அது எங்கோ பழைய வருடம் ஒன்றுக்குப் போகுமே தவிர, இப்படி ஒரு நாளில் போய் நிற்காது. திருத்தச் சொன்னான். ஸல்ஹா திருத்தினாள்.

"திரும்பவும் பெப்ரவரி பன்னெண்டு," என்றது குரல்.

மூன்று தரம் திருத்தினார்கள். நாலாம் தரம் திகதி நின்றது. லாஞ்சர் பிடித்துக்கொண்டது. ஆனால் கேமுக்கே பெரிய புதுப்பிப்பு ஒன்று காத்திருந்தது. அது முழுதாக இறங்கினால்தான் உள்ளே போகலாம். நேரம் மூன்றரை தாண்டியிருந்தது. பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

"நான் தொழுதிட்டு வாறன்," என்று ஸல்ஹா எழுந்து பின்னறைக்குப் போனது கேட்டது.

ஸப்வான் திரையைப் பார்த்தபடி இருந்தான். உள்ளே பிள்ளை, புதுப்பிப்பு இறங்கும் சதவீதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரெண்டு. இருபத்துமூணு."

முற்றத்துப் படலைக் கதவு திறந்தது. கையில் புத்தகங்களும் நெற்றியில் வியர்வையுமாகப் பதினாலு வயதுப் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள்.

"ஸலாம் மாமா. நான் இன்ஷிரா. டியூசனில விடப் பிந்திட்டு. வாசிக்க ஆள் தேவையாம் எண்டு உம்மா சொன்னா."

"இருபத்தாறு," என்றது திரைக்குப் பின்னால்.

இன்ஷிரா தலையைத் திருப்பவில்லை. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதில் வராததால் அவள் புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஸப்வான் தனக்குத் தெரிந்த குர்ஆன் ஆயத்துகளையெல்லாம் மனதுக்குள் ஓதினான். எழுந்து ஓடலாம். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

மண்டபத்து ஜன்னல் சீலைகள் எல்லாம் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

பச்சைத் திரை மட்டும் அசையவில்லை.

"மாமா."

அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

"மாமா, நீங்க வாறீங்களா, இல்லாட்டி நாங்க கொண்டு வரவா?"

நான்கு மாதமாக அவன் தூக்கத்தில் வந்து கேட்ட கேள்வி. ஒவ்வொரு நாளும் அவன் அதற்கு வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"நான் வந்திட்டன் மகள்," என்று கிசுகிசுத்தான். "இஞ்சதான் இரிக்கிறன். நீங்க வெளிக்கிட வேணாம்."

பிறகு திரையின் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. பெற்றோல். அதோடு மழையில் நனைந்த மண். ஊரில் ஒன்றரை மாதமாகத் துளி மழை இல்லை.

"வாப்பா பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டாரே மாமா."

"நிப்பாட்டச் சொல்லுங்க மகள். மழை வருது. உம்மா தேடுவா. நிப்பாட்டச் சொல்லுங்க."

"சொல்றன். அவருக்குக் கேக்குதில்ல."

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"முப்பத்தொண்டு," என்றது குரல்.

ஸல்ஹா திரும்பி வந்து அமர்ந்தாள். ஐந்து மணி அடித்தபோது எழுபத்துநாலு. தவணை கடந்துவிட்டது. பொழுது சாய்கையில், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் முழுதும் இறங்கி முடிந்தது. எங்கே தட்ட வேண்டும் என்று ஸப்வான் சொன்னான். திரைக்குள் மெல்லிய இசை எழுந்து நின்றது.

"வெறும் நிலம் தம்பி," என்றாள் ஸல்ஹா. "சுத்திவர எல்லா வீடும் இரிக்கி. எங்கட இடத்தில புல்லுத்தான்."

அவளுடைய குரலுக்குக் கீழே, தரையோடு தரையாக, மற்றக் குரல் வந்தது.

"அப்ப நாங்க எங்க போற மாமா?"

அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

அவன் எழும்பும்போது ஸல்ஹா மெதுவாகக் கேட்டாள். "தம்பி, நான் எழுத்துச் சொல்லாமலே நீங்க எல்லாத்துக்கும் வழி சொன்னீங்க. ஆருக்கோ பதிலும் சொன்னீங்க. எனக்கு ஒண்டும் கேக்கிறல்ல. ஆனா நான் தொழுதிட்டு வந்து இரிக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் இந்தக் கதிரை சூடா இரிக்கி. இண்டைக்கு அவ ஏதும் சொன்னாவா?"

உண்மையை எவ்வளவு தூரம் ஒரு தாய் தாங்குவாள் என்று ஸப்வான் யோசித்தான்.

"நல்லா வாசிச்சா ராத்தா," என்றான். "ஒரு எழுத்தும் பிழைக்கல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் மேக்கின் மூடி மெல்லச் சாத்தப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை, சுபஹு தொழுத கையோடு ஸப்வான் சீனக்குடாவின் அந்த வளைவுக்குப் போனான். வீதியோரம் முழங்கால் உயரத்தில் பதினொரு காவற்கற்கள். எல்லாம் புழுதி ஏறி, வீதியின் நிறமாகவே கிடந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து வெள்ளைப் பெயின்ட் பூசினான். மழையில் வருகிறவனுக்கு விளிம்பு தெரிந்தால் போதும். அவனை அங்கே கண்டவர் யாருமில்லை. பிறகும் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது கல்லோடு பெயின்ட் தீர்ந்தது. தகரத்தைச் சுரண்டிப் பார்த்தான். ஒரு துளியும் இல்லை.

இன்னொரு தகரம் வாங்கிக்கொண்டு தன் கடை திறக்கும் நேரத்துக்கு முன் திரும்பி வந்தான்.

மிஞ்சியிருந்த இரண்டு கற்களும் வெள்ளையாக இருந்தன.

குனிந்து விரல் வைத்தான். ஈரம். தூரிகை பட்ட தடம் இல்லை. ஒரு கல்லில் ஓர் ஆணின் அகன்ற உள்ளங்கை இழுத்த கோடுகள். மற்றதில், அடியிலிருந்து மேல்வரை, சின்னஞ்சிறு விரல்கள்.