நொய்யல் 9.47

பல் துலக்கும் நேரத்தில்தான் புதுப்பிப்பு வரும். அன்றும் ஊரிலுள்ள எல்லோருடைய மனத்தையும் சீராக வைக்கும் காதோரச் சில்லுகள் ஒரே குரலில் சொன்னன: "நொய்யல் 9.47. சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன." வஞ்சிக்கொடி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தட்டில் இட்லி வைத்தபோது கணவன் சென்னிமலை சாவகாசமாகச் சொன்னான். "வியாழக்கெழம விசாரணைக்கு நான் போகல புள்ள. பட்டறைக்காரங்க வேணும்னேவா பண்ணுனாங்க? உடு."

அவள் கை அப்படியே நின்றது. சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்து இவன் தம்பி ரங்கசாமி செத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கதவு வெளியே பூட்டிக் கிடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இவனும், சோறு கொண்டுபோன அவளும்தான். வேறு சாட்சி இல்லை.

"அந்த மொதலாளிய நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்னீங்களே நேத்து?"

"நேத்து நேத்தோட போச்சு. சட்னி ஊத்து."

சிறு பிழை என்றார்களே, எது பிழை? சட்னியை ஊற்றாமலே சில்லுச் சேவை மையத்துக்கு நடந்தாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் எப்படி மாற்றலாம் என்றாள் வஞ்சிக்கொடி. "பேரு மாறுனாத்தானுங்க்கா சம்மதம் கேக்கோணும். பேரு மாறலீங்களே."

வஞ்சிக்கொடிக்கும் தெரிந்த சட்டம்தான். புதிய ஆற்றின் பெயரோடு பெரிய பதிப்பு வந்தால் நாற்பது நாள் முன்பே அறிவித்து, ஆளாளுக்குக் கைரேகை வாங்க வேண்டும். பவானி போய் நொய்யல் வந்தபோது பாதி ஊர் மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. அதன்பின் பதினோரு ஆண்டுகளாக வேறு ஆறே வரவில்லை. எண் மட்டும் ஏறுகிறது. எண்ணுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"எங்கூட்டுக்காரருக்குள்ள என்னத்த மாத்துனீங்க?"

"அந்தப் பட்டியல் எங்களுக்கே வராதுங்க."

"அவர பழையபடி 46க்குத் திருப்புங்க."

"அவரே வந்து கேக்கோணுங்க."

"அவரு எங்க கேக்கறாரு? சட்னி கேட்டுட்டு உக்காந்திருக்கறாரு!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "உங்களுத வேணா திருப்பலாங்க்கா. நீங்களும் 47 தானுங்களே. ஆனா பழைய எரிச்சல், தூக்கமில்லாதது எல்லாம் திரும்ப வந்துருமுங்க."

எனக்கு எதற்கு என்றுதான் வஞ்சிக்கொடிக்கு முதலில் தோன்றியது. அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்? கோபம்கூட வருகிறதே. காலையிலிருந்து கணவனைத் திட்டினாள், சில்லைத் திட்டினாள், வழியெல்லாம் இந்த மையத்தைத் திட்டினாள்.

முதலாளியை ஒருமுறைகூடத் திட்டவில்லை.

அந்த ஆளின் முகத்தை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்த தூரத்துச் சொந்தக்காரர் முகம்போல வந்து நின்றது. பூட்டிய கதவை நினைத்தாள். அதுவும் வெறும் கதவாகவே இருந்தது.

"வேண்டாங்களா அக்கா?"

வேண்டாம் என்றுதான் மனம் சொன்னது. நிம்மதியாக, தெளிவாகச் சொன்னது. அந்த மனத்தைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. ரேகைப் பலகையை இழுத்து, கட்டைவிரலை அழுத்தினாள்.