கட்டிலைப் பார்த்த இலைகள்

இலைகள் எல்லாம் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

கண்தான் ஏமாற்றுகிறது என்று காயத்ரி முதலில் நினைத்தாள். மூன்று நாளாக அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் தூசி துடைத்துக்கொண்டு வந்தவள், தொங்கு கூடைக்கு முன் நின்றுவிட்டாள். ஜன்னலை ஒட்டி அவளே மாட்டிய கூடை. வெளிச்சம் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி மணி பிளாண்டின் அத்தனை இலைகளும் அறையின் இருட்டு மூலையில், அவள் புருஷன் வெங்கடேசன் படுத்திருந்த கட்டிலை நோக்கி முகம் வைத்திருந்தன.

கூடையை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது இலைகள் மறுபடி கட்டிலைப் பார்த்திருந்தன.

அவள் தாவரவியல் படித்தவள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. நான்கு மாதமாக லீவு. செடி வெளிச்சத்தைத் தேடும் என்பது முதல் வருஷப் பாடம். ஆனால் சில கொடிகள் இளசாக இருக்கும்போது இருட்டைத்தான் தேடும், பற்றி ஏற ஒரு மரம் இருட்டாகத்தான் தெரியும் என்றும் எங்கோ படித்திருந்தாள். அதையே தனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மரம் தேடுகிறது. அவ்வளவுதான்.

நான்கு மாதத்துக்கு முன், தான் ஓட்டும் டூரிஸ்ட் வேனை மாமல்லபுரத்தில் விட்டுவிட்டு பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்த வெங்கடேசனின் குறுக்கே மாடு வந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. தலையில்தான் அடி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எப்போது விழிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். திருக்கழுக்குன்றத்தில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் கட்டில் போட்டார்கள். மூன்றரை மணிக்கெல்லாம் மலையின் நிழல் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். மூக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தல், முதுகுக்குப் பவுடர். புண் வந்துவிடக் கூடாதே என்று அலாரம் வைத்து எழுந்தாள். அவன் கண் திறந்து ஒரு தரம், ஒரே ஒரு தரம், 'காயு' என்று கூப்பிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதற்காக எதையும் செய்திருப்பாள்.

செய்தாள். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நாட்டு வைத்தியரைப் பார்த்துவிட்டு மாமியார் பூவாயியோடு திரும்பும்போது, அந்த ஊரின் பழைய கோட்டைக்குப் பின்னால் இருந்த தெருவில், பூட்டிய வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கொழுகொழுவென்று ஒரு கொடி வழிந்துகொண்டிருந்தது. பூவாயி நின்றுவிட்டாள். வீட்டில் மணி பிளாண்ட் வைக்க வேண்டும், அதுவும் திருடித்தான் வைக்க வேண்டும் என்றாள்.

"கேட்டு வாங்கினா புடிக்காதும்மா. யாரும் பாக்காத ஒடிச்சினு வரணும். அது தழைச்சா வூடு தழைக்கும். புருசன் உன்து, நீயே ஒடி. படிச்ச கை ஒருதபா திருடட்டும்."

கேட்டு வாங்கு என்றிருந்தால் காயத்ரியால் முடிந்திருக்காது. புது ஆட்களிடம் வாய் திறக்கவே அவளுக்குக் கூச்சம். திருடுவது சுலபமாக இருந்தது. இரண்டு கணு விட்டுக் கீழே நகத்தால் கிள்ளினாள். தண்டு வெயிலில் கிடந்த கயிறு போல வெதுவெதுப்பாக இருந்தது. ஒடிந்த நொடியில் வீட்டுக்குள் யாரோ பல்லைக் கடித்து மூச்சை இழுத்தது போல ஒரு சத்தம். அலை என்று நினைத்தாள். கடல் அவ்வளவு பக்கம்.

கண்ணாடி பாட்டிலில் நாலாம் நாளே வேர் விட்டது. தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணும் கலந்து தொட்டிக்கு மாற்றினாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெயில் படாத இடம் அதற்கு ஏற்றது. பின்னறையை விட்டால் அந்த வீட்டில் நிழல் வேறெங்கே?

கொடி அடர்ந்து வர நுனியைக் கிள்ள வேண்டும். முதல் நுனியைக் கிள்ளியபோது கட்டிலில் வெங்கடேசனின் கால் துடித்தது.

அடிபட்ட பிறகு முதல் அசைவு. காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு இன்னொரு நுனியைக் கிள்ளினாள். கால் மறுபடி துடித்தது. ஐந்தாவது நுனியில் அவன் முகம் கோணியது. அது வலி என்று அப்போதுதான் புரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். கிள்ளிய துண்டுகளை எறிய மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தொட்டியில் நட்டாள்.

ஆய்வுக்கூடப் பழக்கத்தில் ஒரு நோட்டில் குறித்து வந்தாள். ஏழாவது இலை: வலது ஆள்காட்டி விரல். ஒன்பதாவது: இமை. பதினான்காவது விரிந்த காலையில் அவன் கண்ணைத் திறந்தான். பூவாயி மலையைப் பார்த்துக் கும்பிட்டுத் தரையில் விழுந்தாள். அன்றிலிருந்து கொடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். ஆறு தொட்டிகளில் நான்கைக் காயத்ரி கூடைகளில் தொங்கவிட்டாள். கூடைகளிலிருந்து இறங்கிய கொடிகள் தரையைத் தொட்டு, கட்டில் காலைப் பிடித்து ஏறின.

பத்தொன்பதாவது இலையில் அவன் பேசினான்.

"தண்ணி."

சந்தோஷத்தில் அவள் மற்றவற்றைக் கவனிக்கத் தவறிவிட்டாள். அல்லது கவனித்தும் நோட்டில் எழுதவில்லை. மூக்குக் குழாய் ஒரு காலை தலையணை மேல் கிடந்தது, உள்ளிருந்து எதுவோ தள்ளி வெளியே போட்டது போல. கஞ்சி வேண்டாம் என்றான், இட்லி வேண்டாம் என்றான். தண்ணீர் மட்டும். முதலில் ஒரு சொம்பு, பிறகு ஒரு குடம். குடித்தது எங்கே போகிறதென்று தெரியவில்லை. சிறுநீர்ப் பை இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்தது. பவுடர் வாசனையும் டெட்டால் வாசனையும் போய், அவன் கழுத்தில் முதல் மழை பெய்த தோட்டத்தின் வாசனை வந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னான். புரட்டப் போனால், வேண்டாம் என்றான். புரட்டாமல் விட்டாள். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அதையும் நிறுத்தினாள்.

அவள் பெயரை மட்டும் அவன் சொல்லவில்லை.

இலைகள் திரும்பியிருந்ததைப் பார்த்த மறுநாள், மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள்.

அந்த வீடு அப்படியே இருந்தது. கொடி இப்போது கூரை வரை போயிருந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவர் பச்சையாக நனைந்திருந்தது. மீன் கூடையோடு வந்த ஒரு பெண், குடத்திலிருந்த தண்ணீரைக் கம்பிகளுக்கு இடையே உள்ளே ஊற்றினாள். கன்னியம்மா என்று பெயர் சொன்னாள், பக்கத்து வீடாம். காயத்ரி பேச வாய் வராமல் நின்றதைப் பார்த்து அவளே கேட்டாள்.

"இன்னா பாக்குற? ஆளு கீறாரு உள்ள."

"எத்தனை நாளா?"

"நாளா? ஒம்போது வருசம் ஆவுது. படகுலேர்ந்து வுழுந்து அடிபட்டவரு. எழுந்துக்கவே இல்ல. பொண்டாட்டி டீச்சரு. அது மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க."

"அவங்க எங்க?"

"உள்ளதான்."

"வெளிய வர மாட்டாங்களா?"

கன்னியம்மா கூடையைத் தலையில் ஏற்றிச் சும்மாட்டைச் சரி செய்தாள். "கதவத் தொறந்தா கத்துறாங்க, வெளிச்சம் ஆவல. அதான் தெருக்காரங்க ஆளுக்கொரு கொடம் ஊத்திட்டுப் போறோம். பாவம் இல்லியா. மொதல்ல அவரு மட்டும் தண்ணி கேப்பாரு. இப்ப ரெண்டு கொரலு கேக்குது."

அவள் போன பிறகு காயத்ரி கம்பியில் முகத்தை வைத்தாள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில் தெரிந்தது. அதன்மேல் இலைகள், குவியலாக, ஓர் ஆள் நீளத்துக்கு. கட்டிலை ஒட்டித் தரையில் இன்னொரு குவியல், உட்கார்ந்து கட்டிலில் தலை சாய்த்தது போல. காற்று இல்லை. இரண்டு குவியல்களும் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முடிவு செய்துவிட்டாள். வெட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும். வெட்டினால் அவன் பழையபடி பேச்சு மூச்சில்லாமல் போகலாம். போகட்டும். கஞ்சி ஊற்றுவாள், புரட்டுவாள், பவுடர் போடுவாள், ஆயுசு முழுக்க. அவனாக இருந்தால் போதும்.

வீடு சேர்ந்தபோது மலையின் நிழல் வாசல் வரை வந்துவிட்டிருந்தது. பூவாயி சிரித்த முகத்தோடு குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேன் சாவி எங்கன்னு கேட்டான்மா. டீசல் இருக்கான்னு கேட்டான். எம் புள்ள திரும்பிட்டான்."

வெட்ட வந்த காயத்ரி தயங்கினாள். சாவியைச் செடி கேட்குமா?

ஆனாலும் கத்தரியை எடுத்தாள். பின்னறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

உள்ளே இருட்டு பச்சையாக இருந்தது. மூச்சில் ஈரம் ஒட்டியது. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் எந்தத் தொட்டியிலிருந்தும் விழவில்லை. வெங்கடேசன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கூடைகளில் ஏதோ சலசலத்து அடங்கியது.

"மாமா," என்றாள். "ஒரு தடவை புரட்டிவிடறேன்."



தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தாள். வரவில்லை. முன்பெல்லாம் அவளால் தனியாகவே புரட்ட முடியும். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். நாற்றைப் பிடுங்கும்போது வருமே, மண் விட்டுக்கொடுக்கிற அந்தச் சத்தம். அது கேட்டது. அவன் தோள் நாலு விரல் உயரம் எழும்பியது.

முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே வேர்கள்.

வெள்ளையாக. நூல் நூலாக. சில விரல் பருமன். எது மெத்தையிலிருந்து வருகிறது, எது முதுகிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. தண்டுவடம் நெடுக, எலும்புக்கு எலும்பு, கணுவுக்குக் கணு. புண் இல்லை. ஒரு சிறு புண் கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது முதுகு.

கத்தரியை உள்ளே நுழைத்தாள். பருத்த வேர் ஒன்றைக் கவ்வினாள். கண்ணை மூடினாள். அழுத்தினாள்.

"காயு."

அவன் குரல். தொண்டை கட்டினால் கொஞ்சம் கரகரக்கும் அதே குரல். நான்கு மாதமாக அவள் எந்தச் சாமியிடமெல்லாமோ கேட்ட குரல்.

"காயு, வலிக்குது."

கண் திறந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோரம் நீர். பயந்திருந்தான். உள்ளே இருந்தது அவனேதான்.

வெட்டுவாயில் சிவப்பாகக் கசிந்தது. முதலில் துளி. பிறகு நிற்காமல். மெத்தை நனைந்தது. அவன் உதடு வெளுத்தது. கூடைகளில் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

"விட்டுடாத காயு."

கத்தரி தரையில் விழுந்தது. வெட்டுவாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இரத்தம் நிற்க வேண்டும். அது மட்டும். வேறொன்றும் நினைக்கவில்லை.

நின்றது.

அவன் உதட்டில் நிறம் வந்தது. இலைகள் நிமிர்ந்தன. கையை எடுக்கப் பார்த்தாள். உள்ளங்கையின் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு சுருக். பிறகு வலி இல்லை. குளிர்ச்சி மட்டும். மணிக்கட்டுக்குள் ஏறியது. முழங்கை. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். உட்காரத்தான் முடிந்தது. கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்தாள்.

கதவுக்கு வெளியே பூவாயி கேட்டாள். "எம்மா, அவனுக்குத் தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். ஓடிப்போங்கள் அத்தை என்று சொல்ல. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதுவரை அவள் அறியாத தாகம். வறண்டு வெடித்த ஏரியின் தாகம்.

"எங்க ரெண்டு பேருக்கும்," என்றாள்.

கதவுக்கு அந்தப்பக்கம் குடம் நிரம்பும் சத்தம். இந்தப்பக்கம், அவள் மணிக்கட்டுத் தோலைக் கீறிக்கொண்டு, வெளிறிய பச்சையில், பீடி போலச் சுருண்ட ஒரு தளிர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. விரிந்து, தாழிட்ட கதவின் பக்கம் மெல்லத் திரும்பியது.