மூன்று மணி நேரத் தாள்

அலகாபாத்தின் சலோரி பகுதியில், ஜூன் மாத அனலில், தீரேந்திர மௌரியா மாடி அறை ஒன்றுக்குக் குடிவந்தான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதவு. ஜன்னல் இல்லை. பரணில் சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் பதினொன்று கட்டாகக் கிடந்தன. அவனுக்கு அவை புதையல். போன முறை நேரம் போதாமல் இரண்டு வினாக்களை விட்டிருந்தான். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

பக்கத்து அறை ராமாஷ்ரய் அந்தக் கட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"வாசிச்சுப் பாருங்கண்ணே. மணி வச்சு மட்டும் எழுதாதீங்க. முன்னால இருந்தவர் அப்படித்தான் உக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

மறுநாள் காலை ஒன்பதுக்கு, செல்போனில் மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு தீரேந்திரன் எழுத உட்கார்ந்தான்.

அரை மணியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே வராந்தாவில் யாரோ என்று நினைத்தான். சத்தம் கட்டில் வரை போனது. திரும்பி மேசைக்கு வந்தது. நாள்பட்ட வியர்வை நாற்றம் முதுகில் கவிந்தது.

நடை நின்றது. அவனுக்குப் பின்னால்.

எழ முயன்றான். கால் அசையவில்லை. கழுத்து திரும்பவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை மட்டும் எழுதிக்கொண்டே போனது.

கதவைத் தட்டி ராமாஷ்ரய் டீ குடிக்கக் கூப்பிட்டான். தீரேந்திரன் வாயைத் திறந்தான்.

"பேசக் கூடாது," என்றது காதோரம் ஒரு மூச்சு.

ராமாஷ்ரயின் காலடி படியிறங்கிப் போனது.

பன்னிரண்டுக்கு செல்போன் அலறியதும் உடம்பு விடுபட்டது. விழுந்தடித்துக் கதவைத் திறந்தான். அன்று மாலையே, தாள்கள் எதையும் எடுக்காமல், சொந்த ஊரான பலியாவுக்கு ரயில் ஏறினான். வழியெல்லாம் ஒன்றுதான் உறுத்தியது: வாழ்க்கையில் முதல்முறையாக எல்லா வினாக்களையும் எழுதி முடித்திருந்தான்.

செப்டம்பரில் தேர்வு. தேர்வுக்கூடத்திலும் எந்த வினாவையும் விடாமல் எழுதினான். மணி அடித்தது. எல்லோரும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

அவனால் எழ முடியவில்லை.

விடைத்தாளை வாங்க வந்த கண்காணிப்பாளர் அம்மாள் அவன் தோளுக்கு மேலே பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, உங்ககூட வந்தவரை வெளிய போகச் சொல்லுங்க. நான் சொன்னா, இன்னும் பத்துத் தாள் பாக்கி இருக்குங்கிறார்."