ரவுடி மீனும் சிவப்பு விளக்கும்

"இதை இன்னைக்கே கடையில திருப்பிக் கொடுத்துடப் போறேன்" என்று மீன் தொட்டியைப் பார்த்தபடி அப்பா வலையை எடுத்தார்.

"கொடுக்க விடமாட்டேன்" என்றாள் வாயாடி.

அவளுக்கு வயது ஒன்பது. வாயாடி என்பது அப்பா அவளுக்கு வைத்த பெயர். ரவுடி என்பது அந்த ஆரஞ்சு மீனுக்கு அப்பா வைத்த பெயர். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரமாக ரவுடி சரியில்லை. திடீரென்று தொட்டிக்குள் அம்பு போலப் பாயும். கண்ணாடியில் மோதும். நேற்று ஒரு குட்டி மீனின் வாலைப் பாதி கடித்துவிட்டது.

"அதுக்குத் திமிர்" என்றார் அப்பா.

"இல்லப்பா. அதுக்கு என்னமோ வலிக்குது."

"உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"சொன்ன மாதிரிதான். தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர்ல சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும்தான் குதிக்குது. அணைஞ்சதும் சாதுவாயிடுது. மூணு நாளா எழுதி வச்சிருக்கேன்."

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினாள். அப்பா அதைப் பார்க்காமலே சிரித்தார். அவர் எலக்ட்ரீஷியன்.

"அந்த ஹீட்டர் வயர் அறுந்தப்போ நானே டேப் சுத்தி ஒட்டினேன். இருபது வருஷ அனுபவம்மா."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியை நெருங்கினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாயாடி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"போடு அதை. தண்ணி ஆறிடும்."

"போட மாட்டேன். தண்ணிக்குள்ள கரண்ட் இருந்தா உங்க கை என்ன ஆகும்?"

"எனக்கே கரண்ட் பாடமா?"

"ஆமா. திட்டுங்க, பரவாயில்ல. வயரைப் பாக்குற வரைக்கும் சுவிட்சும் போடக் கூடாது, ரவுடியும் போகாது."

அவள் சுவிட்சை விட்டு நகரவில்லை.

சமையலறை வாசலிலிருந்து அம்மா சொன்னாள்: "ஊர்ல எல்லார் வீட்லயும் கரண்ட் கசியுதான்னு மீட்டர் வச்சுப் பாக்குறீங்க. நம்ம வீட்டை ஒரு தடவை பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே மீட்டரை எடுத்து வந்தார். இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைச் சுவரில் இருந்த எர்த்திலும் வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ரவுடி துள்ளியது. மீட்டரில் எண்கள் கிடுகிடுவென ஏறின.

அப்பா சட்டென்று அணைத்து, பிளக்கையும் பிடுங்கினார். தொட்டியின் மூடியை முழுவதுமாகத் தூக்கினார். டேப் நனைந்து, பிரிந்து, வயரோடு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடவுளே" என்றாள் அம்மா.

"வேற வீட்டுல யாராவது இப்படி ஒட்டியிருந்தா, நானே தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றார் அப்பா மெதுவாக. பிறகு குனிந்து தொட்டியைப் பார்த்தார். "பாவம், ஒரு வாரமா தாங்கியிருக்கு."

அன்று மாலையே புது ஹீட்டர் வந்தது. சொட்டும் தண்ணீர் பிளக்குக்குள் போகாதபடி, வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மாட்டினார் அப்பா. இரண்டு நாளில், பாதி வால் குட்டி மீன் ரவுடியின் பக்கத்திலேயே நீந்தியது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவ அப்பா வாளியோடு வந்தார். தண்ணீருக்குள் கை விடப் போனவர் நின்றார்.

"சுவிட்சை அணைச்சுட்டேன் மேடம். கை வைக்கலாமா?"

வாயாடி சுவரை எட்டிப் பார்த்தாள்.

"பிளக்கையும் கழட்டுங்க."

அப்பா கழற்றினார்.