நாலு சிலிண்டரும் ஒரு பொய்யும்

பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. இன்ஜின் தடதடக்கிறதே என்று மாளவிகா தன் காரின் பானெட்டைத் திறந்ததுதான் தாமதம், நாலு அங்கிள்கள் கூடிவிட்டார்கள். கார் இன்ஜினில் வால்வ்கள் திறந்து மூடும் நேரத்தை, அதாவது வால்வ் டைமிங்கை, சீராக்குவதுதான் அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனாலும் எல்லோரும் பேசியது பக்கத்தில் நின்ற அவள் அப்பா பத்மநாபனிடம்தான்.

"நாலு சிலிண்டர்ல என்ன சார் இருக்கு? வித்துடுங்க," என்றார் ஒருவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் குடையோடு ஒருவன் நுழைந்தான். பிரணவாம். மழையில் நனைந்த இமைகள்... பார்க்க நன்றாகத்தான் இருந்தான், பாவி. ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"இவ்ளோ திக்கா? இந்த இன்ஜின்ல வால்வ் எப்ப திறக்கணும்னு மாத்தறதே ஆயில் பிரஷர்தான். இந்தக் குளிர்ல கூழ் எப்படி ஓடும்? எந்தப் புத்திசாலி ஊத்தினது?"

பத்மநாபனின் முகம் விழுந்தது. சென்னை வெயிலில் அவர் கார் அந்தக் கெட்டி ஆயிலில்தான் வருஷக்கணக்காக ஓடியது. மகள் ஊரில் இல்லாதபோது ஆசையாக ஊற்றியிருந்தார். சத்தம் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்றிருந்தாள்.

"நான்தான் ஊத்தினேன்," என்றாள்.

"நீங்களா... என்ன வேலை பாக்கறீங்க?"

"இன்ஜின் வால்வ் டைமிங்."

சிரித்துவிட்டான். அங்கிள்களும் சிரித்தார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தால் மானம் திரும்பிவிடும். ஆத்திரத்தில் கண் கலங்கியதே தவிர, அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோயில் கேன்டீனில், தட்டும் கையுமாக எதிரே வந்து நின்றான்.

"அங்கிள் இப்பதான் சொன்னார்... ஊத்தினது அவர்னு. ஸாரிங்க."

"நானே ஊத்தியிருந்தா சிரிக்கலாமா? இதே வேலை பாக்கற ஒரு பையன் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்களா?"

தட்டை மேஜையில் வைத்தான்.

"மாட்டேன்," என்றான்.

சாக்குச் சொல்லவில்லையே... அதுதான் அவளை என்னவோ செய்தது. அவன் அங்கிள்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனான்.

"அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு. உங்க கார்ல எது சத்தம் போட்டாலும் மாளவிகாகிட்ட கேளுங்க. என்னைவிட அவங்களுக்குத்தான் தெரியும்."

அப்பாவின் பேர் அவன் வாயில் வரவில்லை. கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்தவனின் காது சிவந்திருந்தது.

"அப்பாவுக்காக அப்படி நின்னீங்களே... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு வாரமா தூக்கமே இல்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, புளியோதரை ஆறுது. எனக்கும்தான் தூக்கம் போச்சு... கோபத்துலன்னு நெனச்சிட்டிருந்தேன்."